அம்மா கொஞ்சம் வெளியே இருக்கட்டும்: வளரிளம் பிள்ளைகளிடம் தனியாகப் பேசத் தொடங்குபவர்களுக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர், படிப்பு முடித்து முதல் பணியிடத்துக்கு வந்திருக்கும் மருத்துவர், பள்ளிகளுக்குப் போய்வரும் ஆலோசகர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பத்து முதல் பத்தொன்பது வயது வரையான பிள்ளைகள் உங்களிடம் வருவார்கள். தலைவலி, வயிற்றுவலி, முகப்பரு, சோர்வு என்றுதான் ஓ.பி. சீட்டில் இருக்கும். பக்கத்தில் அம்மா நிற்பார், சில நேரம் அத்தை, அபூர்வமாக அப்பா. அந்தப் பிள்ளை எதற்காக வந்திருக்கிறது என்பது பெரும்பாலும் பெரியவர்கள் அறையை விட்டுப் போன பிறகுதான் தெரியவரும்.

இந்த வயதினருக்கென்று மத்திய அரசு 2014 ஜனவரியில் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ் நடக்கும் நட்புறவுக் கிளினிக்குகளில் தனிமையும் ரகசியமும் காக்கப்பட வேண்டும் என்பது விதி. விதி சுவரில் ஒட்டியிருந்தால் மட்டும் பிள்ளைகள் பேசிவிட மாட்டார்கள். நாம் அன்பானவர்கள் என்பதற்காகவும் பேச மாட்டார்கள். தான் சொல்வது இந்த அறையிலிருந்து எங்கே போகும், யார் காதுக்குப் போகாது என்று திட்டமாகத் தெரிந்தால் பேசுவார்கள். அறை, முதல் பேச்சு, சீட்டில் எழுதுவது, பிறகு செய்யும் போன் என்று ஒவ்வொரு இடத்திலும் அதை நாம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

முதலில் அறை

நாற்காலியைப் போடும் முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். உடன் வேலை பார்க்கும் ஒருவரை உள்ளே உட்காரவைத்துச் சாதாரணக் குரலில் பேசச் சொல்லிவிட்டு, வெளியே காத்திருப்பவர்களின் பெஞ்சில் போய் உட்காருங்கள். பல கட்டடங்களில் தடுப்புச் சுவர் கூரைவரை போவதில்லை. உள்ளே பேசுவது முழுக்க பெஞ்சுக்கு வந்துவிடும். அப்படியானால் வேறு அறை கேளுங்கள். அறை கிடைக்காவிட்டால் பெஞ்சை நகர்த்துங்கள், அல்லது கூட்டம் கலைந்த பிற்பகலுக்கு நேரத்தை மாற்றுங்கள். காலை ஓ.பி. நேரம் இதற்கு ஆகாது.

ஆண் ஊழியர் ஒரு பெண் பிள்ளையிடம் பேசும்போது கதவை முழுக்கச் சாத்த வேண்டாம். பாதி திறந்த கதவுக்கு அப்பால், கண்ணில் படும்படி, காதில் விழாத தூரத்தில் ஒரு பெண் ஊழியர் உட்கார்ந்திருக்கட்டும். உடலைப் பரிசோதிப்பதானால் அவர் உள்ளேயே இருக்க வேண்டும். பிள்ளையிடம் முன்கூட்டியே எங்கே தொடப்போகிறோம், எதற்காக என்று சொல்லிச் சம்மதம் கேட்ட பிறகே கை வையுங்கள்.

கிராமத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கூட்டிப் பெருக்க வரும் அக்கா அந்தப் பெண்ணுக்குச் சித்தி முறையாக இருப்பார். சீட்டு எழுதுபவர் அதே தெருக்காரராக இருப்பார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் "எதுக்கும்மா இந்த மாத்திரை?" என்று உரக்கக் கேட்டுவிடுவார்கள். ஆகவே ரகசியம் என்பது உங்கள் ஒருவர் வாயைப் பொறுத்தது என்று இருந்துவிடாதீர்கள். பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர், சீட்டு எழுதுபவர், துப்புரவுப் பணியாளர் என எல்லோரையும் உட்காரவைத்து இதைப் பேசிவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளின் மருந்தை நீங்களே வாங்கிவந்து கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

அம்மாவை வெளியே அனுப்புவது

அம்மா பேச வேண்டியதை முதலில் பேசிவிடட்டும். "ஒழுங்கா சாப்பிடறதே இல்ல சிஸ்டர், எந்நேரமும் போனுதான், ஏதாவது கேட்டா எரிஞ்சு விழறா" என்று அவர் கொட்டுவதில் பாதி புகார், பாதி கவலை. குறுக்கே பேசாமல் கேளுங்கள். கேட்டு முடித்ததும் இப்படிச் சொல்லலாம்: "பத்து வயசுக்கு மேல எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் கொஞ்ச நேரம் தனியாப் பேசுறது இங்க வழக்கம்மா. ஒரு பத்து நிமிஷம் வெளிய உக்காருங்க, அப்புறம் உங்களையும் கூப்பிட்டுப் பேசறேன்."

இதில் 'எல்லாப் பிள்ளைங்ககிட்டயும்' என்று சொல்வதுதான் முக்கியம். சொல்வதோடு நிற்காமல் உண்மையிலேயே எல்லோரிடமும் செய்யுங்கள். காய்ச்சலுக்கு வந்த பையனிடமும் செய்யுங்கள், நாய்க்கடி ஊசிக்கு வந்த பெண்ணிடமும் செய்யுங்கள். சந்தேகம் வந்தவர்களை மட்டும் தனியே அழைத்தால், 'அந்தப் பொண்ணத் தனியாக் கூப்பிட்டு ஏதோ கேட்டாங்களாம்' என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவரும். அந்தப் பேச்சு அவள் கல்யாணம்வரை துரத்தும்.

சில அம்மாக்கள் எழுந்திருக்க மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். எடை, உயரம் பார்க்க அடுத்த அறைக்குப் போகும்போது இரண்டு நிமிடம் கிடைக்கும். "எப்ப வேணும்னாலும் தனியா வந்து பேசலாம்" என்று சொல்ல அது போதும். மறுமுறை வரும்போது அம்மாவே வெளியே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண்ணோடு கணவர் என்று ஒருவரோ மாமியாரோ வந்து, அவளைப் பேசவே விடாமல் எல்லாவற்றுக்கும் தாங்களே பதில் சொன்னால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே தனியாகப் பேசியே ஆக வேண்டும்.

அம்மா போனதும் நாற்காலியை மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்தி, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணைப் 'பாப்பா' என்றால் அவள் மனசுக்குள் சிறு கதவு ஒன்று மூடிக்கொள்கிறது.

எதை வெளியே சொல்ல மாட்டேன், எதைச் சொல்லியாக வேண்டும்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 'என்ன சொன்னாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், என்னை நம்பு' என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வாக்கை எல்லா நேரத்திலும் காப்பாற்ற முடியாது. பிள்ளை நம்பிச் சொன்ன பிறகு போலீசுக்கோ பெற்றோருக்கோ தெரிவிக்க வேண்டிவந்தால், அது இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. எனவே வரம்பை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு கேள்விகூடக் கேட்பதற்கு முன்னால்:

"நீ இங்க சொல்றத உங்க அம்மா அப்பாகிட்டயோ ஸ்கூல்லயோ போய் நான் சொல்ல மாட்டேன். மூணு விஷயத்துல மட்டும் அப்படி இருக்க முடியாது. உன் உயிருக்கு ஆபத்து இருந்தா, உன்னால இன்னொருத்தருக்கு ஆபத்து இருந்தா, யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டிருந்தா, அப்ப உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட நான் சொல்லியாகணும். அப்பவும் உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் செய்வேன்."

பிறகு, "நான் என்ன சொன்னேன்னு உனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். தலையாட்டுவதை நம்பி மேலே போகாதீர்கள்.

மூன்றாவது வரம்புக்குப் பின்னால் இருப்பது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவர், செவிலியர், ஆசிரியர் யாருக்கும் விலக்கு இல்லை. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் அதே 19ஆம் பிரிவில் இருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தச் சட்டத்தின் முன் பதினேழு வயதுப் பெண்ணின் சம்மதம் சம்மதமாகாது. ஒரே வகுப்பில் படிக்கும் இருவர் விரும்பிப் பழகி உடலுறவு வரை போயிருந்தாலும் அது குற்றமே. அதை அறிந்த நீங்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆகவே காதல், உடலுறவு பற்றிய கேள்விகளுக்குப் போகும் முன் மறுபடியும் ஒருமுறை நிறுத்தி, "பதினெட்டு வயசுக்குள்ள உடலுறவுன்னா, ரெண்டு பேருக்கும் விருப்பம் இருந்தாலும் சட்டப்படி நான் தெரிவிக்க வேண்டி வரும். உன்னைப் பத்திச் சொல்லாம பொதுவா எதையாவது தெரிஞ்சுக்கணும்னாலும் கேக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொண்டால் பாதி உண்மையை இழக்கிறோமே என்று வாதிடும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் பேசவைத்துப் பிறகு வழக்கில் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. கருத்தரிப்பு எப்படி நடக்கிறது, ஆணுறை எதைத் தடுக்கும், எந்த அறிகுறி இருந்தால் உடனே வர வேண்டும் என்பதையெல்லாம் அவள் கதையைக் கேட்காமலே சொல்லிக்கொடுக்க முடியும். ஆனால் பிள்ளையோடு பழகுபவர் வயதில் மிகவும் பெரியவர், பணமோ பரிசோ கொடுக்கிறார், படம் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறார் என்ற சிறு சாயல் தெரிந்தாலும் அப்படி ஒதுங்கி நிற்கக் கூடாது. கேட்டாக வேண்டும்.

கர்ப்பத்தோடு வரும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும். கருக்கலைப்புக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் தேவை என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம். போக்சோவின் கீழ் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் பயந்தே பலர் போலி வைத்தியர்களிடம் போய் உயிரைப் பணயம் வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் 29.9.2022 அன்று அளித்த தீர்ப்பில், அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் காவல்துறைக்குக் கொடுக்கும் தகவலில் பெண்ணின் பெயரையோ அடையாளத்தையோ மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. இதை அறியாத மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது தீர்ப்பின் தேதியையும் குறித்துக்கொடுங்கள்.

கேள்விகளின் வரிசை

வீடு, படிப்பு, சாப்பாடு, பொழுதுபோக்கு, போதை, பாலுறவு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும், பாதுகாப்பு என்று ஒரு வரிசை உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கிறது. 1972இல் சியாட்டிலில் ஹார்வி பெர்மன் வகுத்ததைக் கோல்டன்ரிங், கோஹென் என்ற இரு மருத்துவர்கள் 1988இல் விரிவாக எழுதிப் பரப்பினார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹெட்ஸ்' என்பார்கள். எளிதில் பதில் சொல்லக்கூடியதில் தொடங்கி, சொல்லக் கூசுவதை நோக்கி மெல்லப் போவதுதான் அதன் உத்தி. படிவம் நிரப்புவதுபோல் கேட்டால் அந்த உத்தி செத்துவிடும். ஒரே நாளில் எட்டையும் முடிக்க வேண்டும் என்றும் இல்லை.

வீட்டைப் பற்றிக் கேட்கும்போது 'அப்பா என்ன பண்றாரு?' என்று தொடங்காதீர்கள். அப்பா இறந்திருக்கலாம், பிரிந்துபோயிருக்கலாம், குடித்துவிட்டுக் கிடக்கலாம். "வீட்டுல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டால் பிள்ளை தனக்கு முடிந்த இடத்திலிருந்து தொடங்கும். அடுத்து, "மனசு சரியில்லன்னா யார்கிட்ட பேசுவ?" 'யார்கிட்டயும் இல்ல' என்ற பதில் வந்தால் மற்ற எல்லாவற்றையும் மெதுவாக, கவனமாகக் கேட்க வேண்டியிருக்கும்.

படிப்பில் மார்க்கைக் கேட்காதீர்கள். ஊரே அதைத்தான் கேட்கிறது. எப்படிப் பள்ளிக்குப் போவாய், யாரோடு போவாய் என்று கேளுங்கள். பஸ்ஸில் உரசும் ஆள், வழியில் நின்று பின்தொடரும் பையன், மாலை டியூஷனுக்குப் போக மனமில்லாத காரணம் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும்.

சாப்பாடு இங்கே பெரிய விஷயம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எத்தனையோ பிள்ளைகள் வெறும் வயிற்றோடு முதல் மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மயக்கம், தலைவலி என்று வந்தால் காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதே முதல் கேள்வி. பெண் பிள்ளைகளிடம் மாதவிடாயில் ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் ஆகிறது என்று கேளுங்கள். அதிக ரத்தப்போக்கை 'எல்லாருக்கும் அப்படித்தான்' என்று சகித்துக்கொண்டிருப்பார்கள். வயதுக்கு வந்து முதல் இரண்டு வருடம் மாதவிடாய் முன்னே பின்னே வருவது இயல்பு என்று சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் வீசிவிடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்திருப்பார்கள், அல்லது வெறும் வயிற்றில் போட்டு வாந்தி எடுத்திருப்பார்கள். கறுப்பு ஆபத்தில்லை, சாப்பிட்ட பிறகு போடு என்று யாராவது சொல்லியிருந்தால் போதும். இன்னொன்றும் உண்டு: பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு வருகிறவர்கள். இதைக் கேட்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தனுப்பினால் அடுத்த மாதம் திரும்ப வருவார்கள்.

போதையைப் பற்றி நேராகக் கேட்டால் 'இல்லை' என்ற பதில் தயாராக இருக்கும். "உங்க ஸ்கூல் பசங்க யாராவது ஹான்ஸ், கூல் லிப் போடுறாங்களா?" என்று வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலங்களின் பெயரைச் சொல்லிக் கேட்டால், போடுகிறார்கள் என்று தயங்காமல் சொல்வார்கள். "கூட இருக்கறவங்க குடுத்தா என்ன செய்வ?" என்பது அடுத்த கேள்வி. பிறகே 'நீ?' என்பது. குட்கா தமிழ்நாட்டில் 2013 முதல் தடைசெய்யப்பட்டது என்று சட்டம் பேசாதீர்கள். எங்கே விற்கிறார்கள் என்று விசாரிக்கவும் வேண்டாம். அந்தக் கேள்வி வந்ததுமே நீங்கள் அவன் கண்ணுக்குப் போலீஸ் ஆகிவிடுவீர்கள்.

விருப்பம், ஈர்ப்பு பற்றிப் பேசும்போது பெண்ணிடம் பையனைப் பற்றியும் பையனிடம் பெண்ணைப் பற்றியும் மட்டுமே கேட்காதீர்கள். "யார் மேலயாவது ஈர்ப்பு வந்திருக்கா?" என்பது எல்லோருக்கும் பொருந்தும். தன் பாலினத்தவரை விரும்புவதாகவோ, பிறந்த பாலினத்தில் தன்னால் இருக்க முடியவில்லை என்றோ ஒரு பிள்ளை சொன்னால், அது நோயில்லை. அதை 'மாற்றும்' சிகிச்சையைத் தடைசெய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவிட்டார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பிள்ளை கேட்காமல் இந்த ஒரு செய்தியை வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள். அடி, வீட்டுச் சிறை, அவசரக் கல்யாணம் என்று முடிந்துபோகும்.

பையன்கள் தனி

பையன்கள் குறைவாகத்தான் வருவார்கள். வந்தால் முடி கொட்டுது, எடை ஏறல, முகத்துல பரு என்பார்கள். எழுந்து போகும்போது, கதவில் கை வைத்தபடி, கேட்க வந்ததைக் கேட்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக அவசரம் காட்டாமல் உட்கார்ந்திருங்கள்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது, சுய இன்பம் இரண்டும்தான் பெரும்பாலும் அந்தக் கேள்வி. ராத்திரி டி.வி.யில் பேசும் வைத்தியர்களும் பஸ் ஸ்டாண்டுச் சுவரொட்டிகளும் 'நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு' என்று பையன்களைப் பல தலைமுறையாகப் பயமுறுத்திக் காசு பார்க்கிறார்கள். இரண்டும் இயல்பானவை, பலம் போகாது, எதிர்காலத்தில் குழந்தை பிறப்பதையும் பாதிக்காது என்று முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொல்லுங்கள். சிரித்துவிடாதீர்கள். அவன் மாதக்கணக்கில் தூங்காமல் இருந்திருப்பான்.

வெயிலிலும் இரண்டு பனியன் போட்டு, குனிந்தே நடக்கும் பையனைக் கவனியுங்கள். மார்பு லேசாக வீங்கியிருக்கும். வகுப்பில் கேலி, விளையாட்டுப் பீரியடுக்குப் போவதில்லை. பருவ வயதில் பையன்களில் பலருக்கும் வருவது இது. பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக வடிந்துவிடும். அப்படி வடியாவிட்டாலோ, வலியோடு வேகமாக வளர்ந்தாலோ, ஒரு பக்கம் கெட்டியாக இருந்தாலோ மருத்துவர் பார்க்க வேண்டும்.

சாகணும்னு தோணுதா என்று கேட்பது

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. கேட்க ஒருவர் கிடைத்த நிம்மதியில் பிள்ளை அழுதுவிடுவதே வழக்கம். முழுக்கைச் சட்டைக்குள் வெட்டுத் தழும்பு, தூக்கமின்மை, பொருட்களைத் தோழிக்குக் கொடுத்துவிடுவது, பொதுத் தேர்வு, நீட் முடிவுகள் வரும் நாட்கள் எல்லாம் கேட்க வேண்டிய நேரங்கள். சுற்றி வளைக்காமல் படிப்படியாகக் கேளுங்கள்: "இப்படி இருக்கறதுக்குப் பதிலா செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" "இந்த வாரத்துல தோணுச்சா?" "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" "இதுக்கு முன்னாடி ஏதாவது செஞ்சிருக்கியா?"

எண்ணம் மட்டும் இருந்து, வழி யோசிக்காமல் இருந்தாலும் அன்றே மனநல உதவியோடு இணைத்துவிடுங்கள். திட்டம் இருந்தால், முன்பு முயன்றிருந்தால், பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. முதலில் சொன்ன வரம்பு இங்கே நடைமுறைக்கு வருகிறது. அதையும் பிள்ளையோடு சேர்ந்தே செய்யுங்கள்: "இத என்னால தனியா வச்சுக்க முடியாது கண்ணு. அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா, ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாமா?" இப்படிக் கேட்டபோது பெரும்பாலும் நம்மையே சொல்லச் சொல்வார்கள். எதற்காகச் சாகத் தோன்றியது என்ற காரணம் முழுவதையும் அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆபத்து இருக்கிறது, வீட்டில் இன்று என்ன செய்ய வேண்டும் என்பது போதும். பூச்சிமருந்து, எலி மருந்து, தாத்தாவின் மாத்திரைகள் எல்லாம் இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று குடும்பத்திடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எதையாவது விழுங்கியதாகப் பிள்ளை சொன்னால், 'நேத்துதான், இப்ப நல்லாருக்கேன்' என்றாலும் நம்பி உட்காராதீர்கள். எலி மருந்தில் இடையில் ஓரிரு நாள் தெம்பாக இருப்பதுபோல் தோன்றிப் பிறகு ஈரல் பழுதாகும். உடனே 108 ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

'போலீஸ் கேஸ் ஆயிடுமா?' என்ற பயம் பிள்ளைக்கும் இருக்கும், குடும்பத்துக்கும் இருக்கும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருதி உதவ வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதே 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. இரவில் பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைப் பிள்ளையின் கையிலேயே எழுதிக்கொடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

தப்பா நடந்துக்கிட்டாங்க என்று பிள்ளை சொன்னால்

பேனாவைக் கீழே வையுங்கள். "நீ சொன்னது நல்லது. இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்பதைத் தவிர வேறெதுவும் உடனே சொல்ல வேண்டாம். 'ஏன் அங்க போன?', 'ஏன் அப்பவே சொல்லல?' என்ற கேள்விகள் வேண்டவே வேண்டாம். விசாரணை உங்கள் வேலை கிடையாது. பாதுகாப்புக்கும் சிகிச்சைக்கும் தேவையான அளவு மட்டும் கேட்டு, அது சொன்ன சொற்களையே பிறகு எழுதிவையுங்கள்.

வெளியே உட்கார்ந்திருக்கும் பெரியவரை உடனே உள்ளே அழைத்துவிடாதீர்கள். செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம், வெளியில் காத்திருப்பவரே அவராகவும் இருக்கலாம். யாரைக் கூப்பிடலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். நடந்து மூன்று நாளைக்குள் என்றால் ஒவ்வொரு மணியும் முக்கியம்: கருத்தடை அவசர மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரமே கெடு. முதலுதவியும் சிகிச்சையும் எந்த ஆஸ்பத்திரியிலும் இலவசமாக, உடனடியாகக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று யாரும் சொல்லக் கூடாது. 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆட்கள் துணைக்கு வருவார்கள். காவல்துறைக்குத் தகவல் போனபின் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போயாக வேண்டும். இவையெல்லாம் அடுத்து நடக்கும் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். போலீஸ்காரர் சீருடை இல்லாமல் வருவார், அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு இரவில் உட்காரவைக்க முடியாது என்பது தெரிந்தாலே நடுக்கம் குறையும்.

அம்மா உள்ளே வரும்போது

அவரை அழைக்கும் முன், "அம்மாகிட்ட எதைச் சொல்லலாம், எது வேண்டாம்?" என்று பிள்ளையோடு ஒத்துக்கொள்ளுங்கள். "என்ன சொன்னா?" என்றுதான் அம்மாவின் முதல் கேள்வி இருக்கும். "நல்லாப் பேசினாம்மா. ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, தூக்கம் பத்தல. இதுக்கு என்ன செய்யலாம்னு பாப்போம்" என்று உண்மையில் உள்ளதைச் சொல்லுங்கள். பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் ஒருநாள் அது வெளியே வந்து அம்மாவின் நம்பிக்கையும் போய்விடும். மேலும் துருவினால், "அவ தானா உங்ககிட்ட சொல்ற மாதிரி நாம செய்வோம்மா" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ஓ.பி. சீட்டு வீட்டுக்குப் போகும், அலமாரியில் இருக்கும், அண்ணன் எடுத்துப் படிப்பான். அதில் மருந்தும் மறுமுறை வரும் தேதியும் போதும். மற்றவை பூட்டி வைக்கும் பதிவேட்டில் இருக்கட்டும்; அந்தப் பதிவேட்டை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஊழியர் வாட்ஸ்ஆப் குழுவில் பெயர் போடாமல் எழுதினாலும் 'தண்ணித் தொட்டித் தெரு, பத்தாம் வகுப்பு' என்றால் ஊரில் அது ஒரே ஒரு பெண்தான்.

போன் நம்பர் வாங்கும்போது அதை யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்பாவின் நம்பராக இருக்கும். 'ஆஸ்பத்திரியிலருந்து பேசறோம், உங்க பொண்ண வரச் சொன்னோமே' என்ற ஒரு வாக்கியம் அன்று மாலை வீட்டில் பெரிய விசாரணையாகிவிடும். ஆகவே மறுபடி வருவதற்கான காரணத்தை அம்மா முன்னிலையிலேயே பேசி முடியுங்கள். "ரெண்டு வாரம் கழிச்சு ஹீமோகுளோபின் பாக்கணும், வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு வரட்டும்" என்று சொல்லுங்கள். உண்மையிலேயே பார்க்க வேண்டிய சோதனையாக அது இருக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை நீங்கள் விடுப்பில் இருக்கப்போவது தெரிந்தால், யாரிடம் வரலாம் என்று பெயரைச் சொல்லி, பிள்ளையின் சம்மதத்தோடு அந்த ஒருவருக்கு மட்டும் விவரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.